மஞ்சள் வரி

ஐப்பசி 20, ஞாயிறு

தூறல். இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், கன்னியம்மா. மருமகள் சாந்தி, ஸ்ரீசிட்டி கம்பெனி கேன்டீனுக்கு லீவு. பேரன் முரளி, திருப்பதியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தான். எதிர்வீட்டு தேசம்மா, சும்மா எட்டிப் பார்க்க வந்தவள், இரண்டு டீ குடித்தும் எழுந்திருக்கவில்லை. கோயில் பூசாரி முனிரத்தினம், மைக் செட்டுக்குப் புது ஒயர் கேட்டு. மகன் இல்லை, லாரி பெங்களூரில்.

கூப்பிடாதவள் ஒருத்தி. கீழத்தெருக் கடைசி வீட்டுக்காரி. அவள் பெயரை இந்த நோட்டில் எழுதமாட்டேன். கீ.வீ. என்று போட்டால் போதும்.

நோட்டு முரளி இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தது. "தினம் பொட்டி ஓடுதான்னு ஒரு வரி எழுது ஆயா" என்றான். ஒரு வரியோடு நிற்கத் தெரியவில்லை எனக்கு.

பொட்டி என்றால், ஏரிப் பொட்டி. ஏரிக்குள் இரும்புக் கம்பம், அதில் மிதவை, அங்கிருந்து ஒயர் நம் வீட்டுப் பொட்டிக்கு. கரை முனையில் நம் வீடுதான். தண்ணீர் ஒன்பது அடி ஏறினால் பொட்டி கோயில் மைக்கை எழுப்பும். மைக் என்பது ஒலிபெருக்கி மட்டும்தான், நின்று பேச முடியாது; அதில் வருவது என் குரல். மூன்று வருஷத்துக்கு முன் முரளி போனில் பிடித்தது. "தண்ணி ஏறுது. பொருள வுடுங்க, மேட்டுக்கு வாங்க."

கரண்ட் போய் வந்தால் பொட்டிக்கு மறுபடி சொல்ல வேண்டும். அந்த வரி எனக்கு மனப்பாடம். அஞ்சாவது வரைதான் படிப்பு, அதுவும் தமிழ். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் எழுத்துப் பலகையில் எந்த இடம் என்று விரலுக்குத் தெரியும். ஆறு எழுத்து. இடம் விடு. சின்னக் கோடு ஒன்று. டபிள்யூ. இடம் விடு. ஒன்பது. பெரிய பட்டன். உடனே திரையில் மஞ்சளாக ஒரு வரி வரும், நோட்டில் ம.வ., அதன் கீழ் தண்ணீர் அளவு. முதலில் மஞ்சள் வந்ததில்லை. ஒன்றரை வருஷமாக வருகிறது. மங்கல நிறம். பொட்டி கேட்டுக்கொண்டது என்று அர்த்தம். அது வந்தால் பொட்டி மேல் ஒரு சாமந்தி வைப்பேன்.

அந்தப் பொட்டியில் ஓடும் புரோகிராமை முரளியும் எந்தெந்த நாட்டிலோ இருக்கும் பத்துப் பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. யாரும் எடுத்து ஓட்டலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்தும் பார்க்கலாம். இன்று சாப்பிடும்போதும் அவர்களோடுதான் போன். வைத்த பிறகு கேட்டேன்.

"இன்னாடா அவ்ளோ நேரம்?"

"பழசு சிலத எடுக்கிறோம் ஆயா. சின்னக் கோடு போட்டு ஒத்த எழுத்து அடிக்கிற ஆப்ஷனு. அதே வேலைக்கு ரெட்டைக் கோடு போட்டு முழு வார்த்தை அடிக்கிறது கீது. ஒரே வேலைக்கு ரெண்டு வழிய வெச்சிக்கினு மாரடிக்க முடியல."

"நானும் சின்னக் கோடுதானே அடிக்கிறேன்?"

"நம்மளுத நான் அப்பவே மாத்திட்டேன் ஆயா."

"மாத்தல."

"மாத்தியிருப்பேன். பொட்டி எதுனா திட்டுதா உன்ன?"

"அது ஏன் திட்டுது. நல்லபடியா சொல்லுது."

"அப்ப மாத்தியாச்சு. உடு."

தேசம்மா சிரித்தாள். "எடுத்துட்டா, அதையே அடிச்சிக்கினு கீறவங்கோ இன்னா பண்ணுவாங்கோ தம்பி?"

"சொல்லாமலா எடுக்கிறோம்? ஒன்றரை வருஷமா ஒவ்வொரு வாட்டியும் எச்சரிக்கை காட்டிக்கினே கீது. பொதுவுல போட்டுக் கேட்டோம், யாருக்குனா வேணுமான்னு. ஒருத்தன் மட்டும் இருந்துட்டுப் போவட்டுமேன்னான். நான்தான் சண்ட போட்டு எடுக்க வெச்சேன்."

அதற்குள் முனிரத்தினம் வெளியே கூப்பிட்டார், ஒயர் எட்டவில்லை என்று. முரளி எழுந்து போனான். திரும்பி வந்து பொட்டியில் வேறு ஏதோ தட்டினான். இனிமேல் கரண்ட் வந்ததும் பொட்டி தானே புதுசாகிக்கொள்ளுமாம், யாரும் மெனக்கெட வேண்டாமாம். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் மாற்றவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம். படித்தவன் சொல்லும்போது என்ன பேசுவது.

தண்ணீர் ஐந்தரை அடி.

ஐப்பசி 21, திங்கள்

மேகம். கரண்ட் இருமுறை போனது. ம.வ. வந்தது. பூ வைத்தேன்.

முட்டிவலித் தைலம் தீர்ந்தது. சாந்தியிடம் சொல்ல.

முரளி சொன்னதே நாளெல்லாம் காதில். பொதுவில் போட்டுக் கேட்டோம், யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை. இதே பேச்சை நான் முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது.

நிலம் இல்லாதவர்களுக்கு அரை ஏக்கர் பட்டா என்று லிஸ்ட்டோடு ஒரு ஆள் வந்தான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டான். என் பெயர் வந்தது. நான் இரண்டு கை தூரத்தில் நிற்கிறேன். கீ.வீ. முன்னால் வந்து, தமிழில் பேசுகிறவள், அன்று தெலுங்கில் சொன்னாள். "ஈமெ மன ஊரிதி காது." இவள் நம் ஊர்க்காரி இல்லை என்று. தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து இந்த ஆந்திரா ஊருக்கு வாழ வந்தவள் நான், அதுதான் குற்றம். அவளும் நானும் அதற்கு முன்தினம் வரை ஒரே வரப்பில் நாற்று நட்டவர்கள். ஒரே தூக்கில் கூழ் குடித்தவர்கள்.

பிறகு ஆபீஸ் சுவரில் தெலுங்கில் ஒரு காகிதம் ஒட்டினார்களாம். எதிர்ப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்று. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. யாரும் எதிர்க்கவில்லை, பெயரை எடுத்துவிட்டார்கள். போய்க் கேட்டதற்கு "ஒட்டினோமே, பார்க்கவில்லையா" என்றார்கள். அந்த அரை ஏக்கர் வர ஆறு வருஷம் நடந்தேன். பிச்சாட்டூர் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்தாலே டிக்கெட் கிழித்துவிடுவான்.

அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை இல்லை. குழாயடியில் குடம் இடித்தால்கூட இல்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், மன்னிக்கக் கூடாதவர்கள் என்று. முதல் வரி கீ.வீ. இரண்டாவது, வேலியை நகர்த்திய கொழுந்தன். மூன்றாவது, ஆறாம் வகுப்புக்குப் பெண்பிள்ளை எதற்கு என்ற வாத்தியார். அவர் செத்து இருபது வருஷம், பெயரை அடிக்கவில்லை.

என் குரல் அவள் வீட்டுக்குள் போவது மைக் வழியாக மட்டும்தான்.

ஐப்பசி 23, புதன்

விடாமல் மழை. ம.வ. வந்தது. ஆறேகால் அடி.

துவரம்பருப்பு. தீப்பெட்டி. தைலம் (மறந்துவிட்டாள்).

தேசம்மா வந்து பழையதைக் கிளறினாள். இரண்டு வருஷத்துக்கு முன் மாசியில், ஏரியில் முழங்கால் தண்ணீர் இருக்கும்போது எருமை ஒன்று கம்பத்தில் உடம்பைத் தேய்த்து, மிதவை மேலே ஏறி, மைக் கத்திவிட்டது. ஊரே துணிமூட்டையோடு மேட்டில் நின்றது. மறுநாள் குழாயடியில் கீ.வீ. எல்லார் காதிலும் விழ: "கன்னியம்மா மாதிரியேதான் அவ மைக்கும். தண்ணியே இல்லாம கத்துது." எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று சொல்லட்டுமா? ஏழு பேர். தேசம்மாவும் ஒருத்தி.

"நீயுந்தான்டி சிரிச்ச" என்றேன்.

"அக்கா, அது சிரிப்பு வர்ற பேச்சு, இன்னா பண்றது."

அதற்குப் பிறகு நான்கு தரம் மைக் கத்தியது, நான்கும் சரியாக. கீ.வீ.யும் மேட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

சுவரோரம் கட்டெறும்பு முட்டையோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி 25, வெள்ளி

மழை விட்டு விட்டு. ம.வ. வந்தது. ஏழு அடி. ஏரி ஓரம் நுரை.

முரளி போன். குரலில் சந்தோஷம். புதுசை வெளியே விட்டுவிட்டார்களாம். அந்தப் பழைய ஒற்றை எழுத்தெல்லாம் போய்விட்டது. "சுத்தமா கீது ஆயா இப்ப, வூடு பெருக்கினாப்ல." திங்கட்கிழமை அலிபிரியிலிருந்து நடந்து மலை ஏறுகிறான், வேலை நல்லபடியாக முடிந்ததற்கு வேண்டுதல். போனை ரூமில் வைத்துவிட்டுப் போவதும் வேண்டுதலில் சேர்த்தி. புதன் ராத்திரிதான் எடுப்பான்.

"மழை நாளுடா" என்றேன்.

"அதான் பொட்டி கீதே ஆயா."

ஐப்பசி 28, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. நான்கு மணிக்கு வந்தது. பொட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது, தானே புதுசாகிக்கொண்டது போல.

அடித்தேன். ஆறு எழுத்து, இடம், சின்னக் கோடு, டபிள்யூ, இடம், ஒன்பது.

ம.வ. வரவில்லை.

சிவப்பாக ஒரு வரி. கீழே அளவு இல்லை. ஒன்றுமே இல்லை, கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தரம் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். என் விரல் தப்பவில்லை. சத்தியமாகத் தப்பவில்லை.

முரளிக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சாந்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து நனைந்து வந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அந்த ஆப்ஷன் தெரியாதுன்னு சொல்லுது அத்தை. நீங்க அடிக்கிறது அதுக்குத் தெரியாதாம்."

"மூணு வருசமாத் தெரிஞ்சது இன்னிக்கு எப்டிடி தெரியாமப் போவும்?"

"எனக்கு இன்னா தெரியும்." முந்தானையைப் பிழிந்தாள். "அத்தை, பூசாரிகிட்ட சொல்லிடலாமா, மைக்கு வேலை செய்யாதுன்னு?"

குழாயடி ஞாபகம் வந்தது. ஏழு சிரிப்பும் வந்தது.

"வேணாம். முரளி புதன்கிழமை எடுப்பான், போன்லயே சரி பண்ணிடுவான். அதுக்குள்ள ஊரைக் கூட்டணுமா? அவ வாய்க்கு அவலாவணுமா என் பேரன்?"

சாந்தி தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாடிய சாமந்தியை எடுத்தேன். புதிது வைக்கவில்லை.

ஐப்பசி 29, செவ்வாய்

விடியும் முன்பே பிடித்தது, நிற்கவில்லை. வடமாலபேட்டைப் பக்கமும் இதே மழைதானாம், பால்வண்டிக்காரன் சொன்னான்.

பொட்டியில் ஐந்து தரம் அடித்தேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கரைக்குப் போய்க் கம்பத்தில் கண்ணால் பார்த்தேன். எட்டுக்குக் கொஞ்சம் மேல். கரையின் கீழத்தெருப் பக்கம் மண் கால் வைத்தால் அமுங்குகிறது. பாம்பு ஒன்று கரைமேல் நீளமாகப் படுத்திருந்தது, என்னைப் பார்த்தும் நகரவில்லை.

மத்தியானம் முனிரத்தினம் குடையோடு. "கன்னியம்மா, எங்க செட்டு ரெடி. உன் பொட்டி ரெடிதானே?"

"ரெடிதான்" என்றேன்.

எழுதி வைக்கிறேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். யாரும் சொல்ல வைக்கவில்லை.

"அப்ப சரி, நிம்மதியாப் படுக்கலாம்" என்று போனார்.

ஐப்பசி 30, புதன்

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு நனைந்துவிட்டது.

ஒன்பது அடிக் குறி காலை எட்டரைக்கு மூழ்கியது. நானே பார்த்தேன். கரண்ட் இருந்தது. மைக்குக்கும் கரண்ட் இருந்தது. பதினொரு மணி வரை இருந்தது.

மைக் கத்தவில்லை.

ஓடினேன். இந்த முட்டியோடு. மேலத்தெரு முழுவதும் கதவு தட்டினேன். தேசம்மாவையும் எழுப்பிக்கொண்டு கீழத்தெரு. பன்னிரண்டு வீடு. பதினொரு வீட்டுக்கு நான் போனேன். "மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்க." சிலர் வந்தார்கள். சிலர் "மைக்கு சொல்லலையே" என்றார்கள், கையைப் பிடித்து இழுத்தேன்.

பன்னிரண்டாவது வீட்டுக்கு முன் கரண்ட் கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வீட்டுக் கூரையில் புகை. அடுப்பு எரிகிறது. ஆடு கத்துகிறது.

பதினான்கு வருஷம்.

தேசம்மாவிடம் சொன்னேன், "நீ போய்ச் சொல்லு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மைக் செத்துப்போய் மூன்று நாள் ஆகிறது என்று தேசம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கரை உடைந்தது. கீழத்தெருப் பக்கம், ஒரு லாரி அகலத்துக்கு.

மேட்டில் தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது.

கார்த்திகை 1, வியாழன்

மழை இல்லை. வெயில் அடிக்கிறது, ஒன்றும் நடக்காதது போல.

கரும்புத் தோட்டத்து முள்வேலியில் கிடைத்தாள். ஆட்டின் கயிறு கையில் சுற்றியிருந்தது. ஆடு பிழைத்துக்கொண்டது.

தேசம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"நான் சொன்னேங்கா. வாடி, தண்ணி வருதுன்னேன். சோறு கொதிக்குது, வடிச்சிட்டு வரேன்னா. மைக்கு இன்னும் கத்தலையேன்னா. 'கன்னியம்மா கொரலு வரட்டும், நான் வரேன். அவ என்கூடப் பேச மாட்டா, ஆனா மைக்குல பொய் சொல்ல மாட்டா'ன்னா. எனக்கும் அது சரின்னு பட்டுதுக்கா. நான் போய்ட்டேன்."

அழுதாள். நான் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை.

சாந்தி என்னைப் பார்க்கவில்லை. காலையில் கஞ்சி வைத்துவிட்டுத் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான்.

கார்த்திகை 2, வெள்ளி

முரளி நேற்று ராத்திரியே மொட்டைத் தலையோடு வந்துவிட்டான். இன்று பொட்டி முன் உட்கார்ந்தான். சிவப்பு வரியைப் பார்த்ததும் அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"சின்னக் கோடா அடிச்ச ஆயா?"

"நீ சொல்லிக் குடுத்தது."

"முன்னாடி மஞ்சளா ஒண்ணு வந்திருக்குமே?"

"தினம் வந்தது. நோட்டுல கீது பாரு."

நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினான். ம.வ. வந்தது, ம.வ. வந்தது, பூ வைத்தேன். ஒன்றரை வருஷம்.

"அது இன்னாடா சொல்லிக்கினு இருந்தது?"

நோட்டை மூடிவிட்டுத் தமிழில் சொன்னான். "இந்த வழி சீக்கிரம் போகப் போவுது, மாத்திக்கோங்கன்னு சொன்னது ஆயா. அந்த வரிய எழுதினவனே நான்தான்."

சுவரில் ஒட்டிய காகிதம். தெலுங்கில் ஒட்டினாலென்ன, மஞ்சளில் ஒட்டினாலென்ன. நான் அதற்குப் பூ வைத்திருக்கிறேன்.

ரெட்டைக் கோடு போட்டு ஒரு நீள வார்த்தை அடித்தான். அளவு வந்தது. உடைந்த ஏரியில் இரண்டு அடி. மைக்கும் கேட்கிறதா என்று பார்க்க, யோசிக்காமல், ஒன்பது என்ற எண்ணை ஒன்றாக மாற்றிவிட்டான். கோயில் மைக் எழுந்தது.

தண்ணி ஏறுது. பொருள வுடுங்க, மேட்டுக்கு வாங்க.

என் குரல். கீழத்தெருவில் அவளைப் பாடையில் தூக்கும் நேரம். எல்லாரும் அப்படியே நின்று கோயில் பக்கம் பார்த்தார்கள். மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் நின்றது.

முரளி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன்." கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் தெரியாமல் செய்தான். ஒன்றரை வருஷம் சொல்லிவிட்டுச் செய்தான். நான் மூன்று நாள் தெரிந்தும் சொல்லவில்லை.

எல்லாரும் சுடுகாட்டுக்குப் போன பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வாத்தியாரை அடித்தேன். கொழுந்தனை அடித்தேன். கீ.வீ. என்ற இரண்டு எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் முழுதாக எழுதினேன், குப்பம்மா என்று. எழுதி, அதையும் அடித்தேன்.

பக்கத்தில் அடிக்காத பெயர் மிச்சமில்லை. ஒரே ஒரு பெயர் எழுதினேன், இதை யாரும் அடிக்கக் கூடாது.

கன்னியம்மா.